காய்ச்சலோடு நிறுத்திவிடாதே

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் எனக்குக் கடிதம் எழுதுகிறாளே, மண்டை பிசகிவிட்டதா என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். நான் வேறு என்ன செய்ய? 'கிளினிக்' என்று வாயெடுத்தால் உனக்கு உடனே மோட்டார்சைக்கிள் திறப்பைத் தேட வேண்டி வருகிறது. 'ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டாயா' என்று கேட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போகிறாய். மறுபக்கத்தில் ஆரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்தப் போனின் வெளிச்சம் கூட எரிவதில்லை. உன்னைப் பெற்றவளை ஏமாற்றுகிறவன் கொஞ்சம் கவனமாக ஏமாற்ற வேண்டாமா? நான் தபால் கந்தோர்க் கவுண்டரில் இருந்து தலை நரைத்தவள். கடிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கேட்கிறவன் இடையில் எழும்பிப் போனாலும் அது கோபிக்காது, திரும்பி வரும்வரை மேசையில் கிடக்கும். ஆகவே எழும்பிப் போவதென்றால் போ, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

போன ஞாயிறு பூசை முடிவில் சுவாமி உன்னுடையதும் ஜெசிந்தாவினுடையதுமான கலியாண அறிவித்தலை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில் முதல் தரம் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழமையாகச் சொல்வதைத்தான் சொன்னார். அந்தக் கோயில் வாங்குப் பலகையில் இருந்து நான் எத்தனையோ பேருடைய அறிவித்தலைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே மத்தியானக் கறிக்கு என்ன மீன் என்று யோசித்தும் இருக்கிறேன், மாதா மன்னிக்கட்டும். ஆனால் அன்றைக்கு மீன் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சிறுநீரகம் ஒருகாலம் பழுதாகித் தேறினது ஒரு தடையில்லை, அது எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்று எனக்கும் உனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்திருக்கிறது என்பதுதான் நெஞ்சில் குத்தியது. பக்கத்தில் இருந்த அப்பாவும் குனிந்து செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து எல்லாரும் வந்து கைகுலுக்கியபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பப் போவதில்லை. அடம்பன் ஊருக்குப் பெண் பார்க்கப் போன அன்று, ஜெசிந்தாவின் அம்மா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தணித்து, "தம்பிக்கு வருத்தம் துன்பம் எண்டு ஏதும்?" என்று கேட்டா. தாய் கேட்க வேண்டிய கேள்விதான், நானும் கேட்டிருப்பேன். நான் சொன்னேன், "ஒருக்காக் காய்ச்சல் ஒண்டு வந்து கொஞ்சம் கஷ்டப்பட்டவன். மாதா காப்பாத்திப்போட்டா." அவ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அது போதும் அக்கா" என்றா. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. காய்ச்சல் வந்தது, கஷ்டப்பட்டாய், மாதா காப்பாற்றினா. ஆனால் காய்ச்சலோடு நிறுத்திவிட்டேன். ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இந்த வீட்டை விட ஆருக்குத் தெரியும்? அப்படி நிறுத்தித்தானே உன்னை ஒருதரம் சாகக் கொடுக்கப் பார்த்தோம்.

அந்தக் கதையின் முன்பாதி உனக்குத் தெரியும். பின்பாதியில் நீ நினைவு தப்பிக் கிடந்தாய், ஆகவே நான் சொல்ல வேண்டும். கொழும்பு முதலாளி ஒருத்தர் கடலட்டை அவித்துக் காயப்போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று உன்னை மடகஸ்காருக்கு அனுப்பினபோது, இந்த வீட்டில் ஆரும் அதை வெளிநாடு என்று சொல்லவில்லை. வெளிநாடு என்றால் எங்களுக்குக் கனடாவில் இருக்கிற உன் மாமாதான். பனி, குளிர்ச்சட்டை, விசா, பெட்டி நிறைய சொக்லேட், அதுதான் வெளிநாடு. நீ போனது கடலட்டைத் தொழிலுக்கு. போன கிழமையே ஒரு படம் அனுப்பினாய், "அம்மா, எங்கட பெருக்கமரம் இஞ்சயும் நிக்குது பார்" என்று. பார்த்தால் உண்மைதான், எங்கள் ஊரில் சுற்றுலாக்காரர் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற அதே அடி பருத்த மரம், அங்கே வீதியோரம் வரிசையாக நிற்கிறது. அப்பா அந்தப் படத்தை ஊர் முழுக்கக் காட்டினார். எங்கள் மரமும் எங்கள் அட்டையும் இருக்கிற இடம் எப்படி வெளிநாடாகும்? போகிறவர்களுக்கு மலேரியா வராமல் இருக்க முற்காவலாகக் குளிசை தருவார்கள், கேட்டால் சும்மாவே தருவார்கள் என்றெல்லாம் பிறகுதான் அறிந்தோம். தொழிலுக்குப் போகிறவன் குளிசை போட்டுக்கொண்டா போகிறான்? புழுக்கம் தாங்காமல் நுளம்பு வலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு வாடிக் கொட்டிலுக்கு வெளியே படுத்தேன் என்று நீயே பிறகு சொன்னாய். அதை நினைத்தால் இன்றைக்கும் உனக்கு ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது.

நீ திரும்பி வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. நடுக்கம், தலையிடி, சத்தியெடுப்பு. டெங்கு என்று நினைத்து இளநீரும் கஞ்சியுமாகக் கொடுத்தேன். குறையவில்லை என்றதும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சிங்களப் பிள்ளை, டொக்டர், உன்னை விட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். தமிழ் படித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைக்கும். அந்தப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியைத் தெளிவாகவே கேட்டது. "இவர் வெளிநாடு போனதா?" அப்பா உடனே, "இல்லை டொக்டர், வெளிநாடு ஒண்டும் போகேல்லை. தொழிலுக்குத்தான் போனவர்" என்றார். நான் பக்கத்தில் நின்று ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் கரையில் தொழில் என்றால் கடல், தொழிலுக்குப் போனவன் என்றால் கடலுக்குப் போனவன், வேறு அர்த்தம் கிடையாது. அந்தப் பிள்ளை படித்த தமிழில் தொழில் என்றால் வேலை. இவர் வேலைக்குப் போய்வருகிற ஆள் என்று எழுதிக்கொண்டது. மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னோம், கேட்டோம், எழுதினோம். அந்த உண்மைக்கு நடுவில் நீ கிடந்தாய். இன்றைக்கும் அப்பா, 'நீ தலையாட்டாமல் இருந்திருந்தா அவ இன்னொருக்காக் கேட்டிருப்பா' என்பார். நான், 'நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்' என்பேன். இரண்டும் பொய்.

டெங்கு இல்லை என்று இரத்தத்தில் வந்தது. பிறகு எலிக்காய்ச்சலோ என்று பார்த்தார்கள், அதற்கு மருந்து தொடங்கினார்கள். உன் கண் மஞ்சளாகியது. சலம் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் வந்தது, பிறகு குறைந்துகொண்டே போனது. நீ பிதற்றத் தொடங்கினாய். ஒரு நேர்ஸ் பிள்ளை உன் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துவிட, நீ கண்ணைத் திறக்காமல், "மிசோத்ரா, மிசோத்ரா" என்றாய். அந்தப் பிள்ளை பயந்துபோய், "என்ன ஐயா சொல்றார்?" என்று அப்பாவைக் கேட்டது. அப்பாவுக்கு அந்த நேரத்திலும் பெருமை பார். "நன்றி எண்டு சொல்றான் பிள்ளை. அது மடகஸ்கார்ப் பாஷை. அங்க நல்லாக் கதைப்பானாம்." அடுத்த கட்டிலடியில் நின்ற டொக்டர்ப் பிள்ளை அப்படியே திரும்பினது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "மடகஸ்கார்? இவர் எப்போ மடகஸ்கார்?" என்று கேட்டது. "தொழிலுக்குப் போனவர் எண்டு சொன்னனான் தானே டொக்டர்" என்றார் அப்பா. அந்தப் பிள்ளை ஓடியது. ஆசுப்பத்திரியில் டொக்டர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் உன் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். எங்கெல்லாமோ போன் போனது.

மலேரியா என்று வந்து சொன்னபோது அப்பா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். சத்தமாக, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு. "மலேரியாவோ! அட, நாங்கள் பயந்தெல்லோ போனம் டொக்டர்!" அவரைக் குறை சொல்லாதே. எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. சண்டைக் காலத்தில் காட்டோரம் இடம்பெயர்ந்து இருந்தபோது மலேரியா வராத ஆள் இல்லை. எனக்கே எத்தனை தரம் வந்தது என்று கணக்கில்லை. நடுங்கும், வேர்க்கும், விடும், திரும்ப வரும். அந்தக் குளிசையின் கசப்பு நாக்கை விட்டுப் போக நாள் செல்லும். உன் மாமா அதை நாக்குக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு வேலிக்கரையில் துப்புவான், அவனுக்கு மட்டும் காய்ச்சல் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. பிறகு வீடு வீடாக மருந்தடித்து, அந்த வருத்தம் இந்த நாட்டை விட்டே போனது, பெயரும் மறந்தது. எங்களுக்கு மலேரியா என்றால் பழகின கள்ளன். வருவான், ஒரு கோழியைப் பிடிப்பான், போவான். இது வேறு கள்ளன் என்று அந்தப் பிள்ளை அப்பாவை ஒரு கதிரையில் இருத்திச் சொன்னது. "ஐயா, இது உங்களுக்கு வந்தது இல்லை. இது மூளைக்குப் போகும், ஈரலுக்குப் போகும். இவருக்குக் கிட்னிக்குப் போயிட்டுது. கிட்னி இப்ப வேலை செய்யேல்லை." அப்பாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, இறங்க மறந்துபோனது மாதிரி.

அன்று பின்னேரமே உன்னை அம்புலன்சில் பெரிய ஆசுப்பத்திரிக்கு ஏற்றினார்கள். எங்கள் கரையை விட்டுப் போகும் பாலத்தைத் தாண்டும்வரை நான் செபமாலை சொன்னேன், பிறகு எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. நரம்பில் மருந்து ஏற்றி மலேரியாவைக் கொன்றுவிட்டார்கள், அது கெதியிலேயே முடிந்தது. ஆனால் கிட்னி திறக்கவில்லை. காய்ச்சல் கிருமி புகுந்த இரத்தம் உடைந்து, ஒட்டி, கிட்னிக்குள் இருக்கிற மயிர் போன்ற குழாய்களைக் கெடுத்துவிட்டது என்று அங்கே ஒருத்தர் விளங்கப்படுத்தினார். அப்பா கேட்டுவிட்டு, "பாசி அடைச்ச வலை மாதிரி. தண்ணி போகாது, வலையும் பிஞ்சு போகும்" என்று எனக்குத் தொழிற்பாஷையில் மொழிபெயர்த்தார். கழுத்தில் குழாய் போட்டு உன் இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவித் திருப்பி அனுப்பினார்கள். முதல்நாள் நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தநாள் பார்த்தேன். என் பிள்ளையின் இரத்தம் ஒரு ரப்பர்க் குழாயில் ஓடுவதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன், தம்பி. உன்னைப் பெறும்போது கூட நான் அப்படி நோகவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சலம் போனதா? விடிந்தால் அதுதான், பொழுதுபட்டால் அதுதான். கட்டிலுக்குக் கீழே தொங்கிய அந்தச் சலப் பையை நான் பார்த்த மாதிரி பொன் விற்கிறவனும் தராசைப் பார்த்திருக்கமாட்டான். மாமா கனடாவில் இருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி அதுதான். கோயிலில் உனக்காகச் செபம் கேட்ட சனத்துக்கும் அதுதான் கருத்து. ஒரு வளர்ந்த ஆண்பிள்ளையின் சலத்துக்காக ஊரே முழந்தாளிட்டது வேறு எங்காவது நடந்திருக்குமா? அப்பா, உனக்குத் தெரியும், பெண்கள் இருக்கிற இடத்தில் 'ஒண்டுக்குப் போறன்' என்று கூடச் சொல்லமாட்டார். ஒருநாள் காலமை அந்தப் பையின் அடியில் கொஞ்சம் மஞ்சளாகத் தேங்கி நின்றது. அப்பா விறாந்தைக்கு ஓடிப்போய்ப் போனில் கத்துகிறார், "போட்டான்! சலம் போட்டான்! நிறமும் நல்லாயிருக்கு!" நேர்ஸ் வந்து சத்தம் போட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு. நான் உன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ கண்ணைத் திறந்து, "என்னம்மா, ஆர் செத்தது?" என்று கேட்டாய்.

மெஷின் தேவையில்லாமல் போனது, குழாயைக் கழற்றினார்கள், நீ நடந்து வீட்டுக்கு வந்தாய். ஊருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது அங்கத்தைய பெரிய டொக்டர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். "கிட்னி திரும்பி வந்திட்டுது. ஆனா முழுசா வரேல்லை." பயப்பட வேண்டாம் என்றார், கவனிக்காமல் விட வேண்டாம் என்றார். நேரத்துக்கு இரத்தம் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், கறியில் உப்பைக் குறைக்க வேண்டும், கடையில் விற்கிற நோவுக் குளிசையைத் தொடவே கூடாது, வெயிலில் வேலைசெய்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் பேரப்பிள்ளை காணும்வரை அந்தக் கிட்னி ஓடும், விட்டால் திரும்ப மெஷினுக்கு வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். நீ முதலில் ஒழுங்காகத்தான் போனாய். கலியாணம் பேசினதுக்குப் பிறகுதான் உனக்குக் கிளினிக் நாளில் மட்டும் வேலை வரத் தொடங்கியது. இரண்டு தரம் தவறவிட்டுவிட்டாய். ஏன் என்றும் எனக்குத் தெரியும். கிளினிக் வாங்கில் அடம்பன் சனமும் வந்து இருக்கும், ஆராவது கண்டு போய்ச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

உன் பயம் மடத்தனமான பயம் என்று நான் சொல்லமாட்டேன். மலேரியா என்றால் சனம் கதை கேட்கும், கிட்னி என்றால் ஒரு அடி பின்னுக்கு நிற்கும். அதுவும் அந்தப் பக்கத்து வயற்சனத்துக்கு அந்தச் சொல் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஜெசிந்தாவின் தாய்மாமன் கமக்காரன், ஒரு நோய்நொடி இல்லாமல் மண்வெட்டி பிடித்த மனுசன், கடைசிக் காலத்தில் கிழமைக்குக் கிழமை பஸ்ஸில் மெஷினுக்குப் போய்வந்து, வயலில் பாதியை விற்று, அப்படியும் உயிர் நிற்கவில்லை. அவருக்கு வந்தது வேறு, உனக்கு வந்தது வேறு. அவருக்கு ஏன் வந்தது என்றே ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் கிட்னி என்ற சொல் விழுந்தால் அவர்களுக்கு அந்த மனுசன் பஸ்ஸில் ஏறுகிறதுதான் தெரியும். நீ அதை நினைத்து வாயை மூடுகிறாய். உனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது, இழக்க மனமில்லை. என் பிள்ளைக்கு ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போனில் கதைக்கிறபோது நீ ஏன் வேலித் தகரத்தைச் சுரண்டுகிறாய் என்று அப்பா கேட்கிறார். பாவம், அவருக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்று ஆரோ சொல்லி வைத்திருக்கிறான். சொன்னவனுக்குக் கிட்னி நல்லாக இருந்திருக்கும். நீ பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விடுகிறாய், அவ்வளவுதானே என்று உன் மனம் உனக்குச் சொல்லும். என் மனமும் அப்படித்தான் எனக்குச் சொன்னது. ஆனால் கலியாணம் முடித்த பிறகு இந்தச் சோற்றுக்குள் இந்தப் பூசணிக்காயை எப்படி மறைப்பாய்? கிளினிக்குக்குப் போகிற நாளில் எங்கே போகிறேன் என்று சொல்வாய்? உனக்குக் கால் வீங்கினால் அவள் எதற்கு வீங்கினது என்று நினைப்பாள்? ஒருநாள் உனக்குக் காய்ச்சல் அடித்து நினைவு தப்பினால், டொக்டர் கேட்கிற கேள்விக்கு அப்பாவும் நானும் நிற்கமாட்டோம், அவள்தான் நிற்பாள். "முந்தி ஏதும் வருத்தம் இருந்ததோ?" என்று கேட்பார்கள். அவள் எங்களை மாதிரியே, தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வாள். "ஒருக்காக் காய்ச்சல் வந்ததாம்." எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் என்னைப் பயப்படுத்துகிற ஒரே வசனம் அதுதான்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீ கடலட்டைப் பண்ணைக்கு வேலைக்குப் போன பிறகு ஜெசிந்தா சாரிச்சட்டை தைக்க அளவு கொடுக்க வந்தாள். தோட்டத்துக் கத்தரிக்காயும் கொண்டுவந்தாள். குசினியில் நின்று காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "மாமி, ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். கேள் பிள்ளை என்றேன். "போன கிழமை எங்கட வீட்டில இவருக்குப் பல்லுக் கொதி. கன்னம் வீங்கித் துடிச்சவர். அப்பா நோவுக் குளிசை குடுத்தவர், வேண்டாம் எண்டிட்டார். ஏன் எண்டு கேட்டதுக்கு, நேத்தி வைச்சிருக்கிறன், குளிசை போடக்கூடாது எண்டவர்." கத்தி நின்றது. "பல்லுக்கு என்ன நேத்தி மாமி?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முட்டாளே, எந்தப் புனிதர் அப்படி ஒரு நேத்தி கேட்பார்? ஆனால் உன்னை நினைத்து நெஞ்சு நிறையவும் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நோவைத் தாங்கினாய், ஆனால் அந்தக் குளிசையைத் தொடவில்லை. டொக்டர் சொன்னது உன் மண்டைக்குள் இருக்கிறது.

அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அது என் வாயால் வந்த செய்தியாகிவிடும், அவள் ஆயுசுக்கும் 'இவர் எனக்குச் சொல்லேல்லை, மாமிதான் சொன்னவ' என்று வைத்துக்கொள்வாள். அதனால், "அதை அவனிட்டக் கேள் பிள்ளை" என்றேன். "கேட்டால் சொல்லுவாரோ?" என்று அவள் என்னை நேராகப் பார்த்தாள். கெட்டிக்காரி, அவளுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று விளங்கிவிட்டது. "சொல்லுவான்" என்றேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபிப்பதென்றால் கோபி. நாளைக்கு ஞாயிறு. பூசையில் இரண்டாம் தரம் பெயர் வாசிப்பார்கள், மத்தியானம் அவள் இங்கே வருவாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மறித்திருக்கிறேன்.

என்ன சொல்வது என்று உனக்குப் பயமாக இருந்தால், அலங்காரம் ஒன்றும் வேண்டாம். மலேரியா வந்தது, கிட்னி நின்றது, மெஷினில் போட்டார்கள், திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை என்று சொல். அந்தக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடாதே. கிளினிக்கைத் தவறவிட்டதையும் சொல். அவளுக்குக் கேள்வி இருந்தால், அடுத்த கிளினிக்குக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் நேராகக் கேட்கச் சொல். மாமனை மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தானாம், அவளுக்கு உன்னை விட நன்றாகக் கேள்வி கேட்கத் தெரியும். அவள் அம்மாவிடம் நான் போகிறேன். காய்ச்சலோடு நிறுத்தினவள் நான், மிச்சத்தைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். அதை உன் தலையில் போடமாட்டேன்.

அவள் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். நான் உனக்குத் தேன் தடவிச் சொல்ல விரும்பவில்லை. மாமனோடு அவள் கண்டது அப்படி, வேண்டாம் என்று சொன்னால் குற்றமும் இல்லை. அப்படியென்றால் அப்பா அவளைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வருவார், நாங்கள் அவளை ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டோம், நீயும் சொல்லக்கூடாது. சுவாமியிடம் போய் மூன்றாம் வாசிப்பு வேண்டாம் என்று நானே சொல்வேன். ஊர் வாய் கொஞ்ச நாள் மெல்லும், மெல்லட்டும். உன் நெஞ்சு உடையும், அது எனக்குத் தெரியும். நீ அழுதால் நானும் உன்னோடு இருந்து அழுவேன், அதற்கு ஆரும் எங்களைத் தடுக்க முடியாது. ஆனால் உடைந்த நெஞ்சோடு இருக்கிற பிள்ளையை என்னால் தேற்ற முடியும். மெஷினில் கிடக்கிற பிள்ளையை என்னால் பார்க்க முடியாது, ஒருதரம் பார்த்துவிட்டேன்.

நாளைக்கு விளைமீன் குழம்பும் அவள் கொண்டுவந்த கத்தரிக்காயும் வைக்கப்போகிறேன். உனக்காக இந்த வீட்டுக் கறியில் உப்புக் குறைந்து எவ்வளவு காலமாயிற்று, எங்களுக்கு நாக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகியிருக்காது. ஒரு வாய் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்ப்பாள், நான் உன்னைப் பார்ப்பேன். அப்போதுதான் சொல்ல வேண்டும் என்றில்லை, முந்தியே சொல்லிவிட்டாயானால் உப்பு ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டு அவள் அந்தச் சோற்றைச் சாப்பிடுவாள். அதுதான் எனக்கு வேண்டியது, தம்பி. அவள் இருந்தாலும் எழும்பிப் போனாலும், நீ இருந்து சாப்பிட வேண்டும்.

உன் அம்மா